காற்றில் சுற்றும், தண்ணீரில் சுற்றாது

எங்கள் வீட்டு முன்னறையில், ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து அடித்த ஓர் ஆணியில், மீன் பிடிக்கிற ஸ்பின்னர் ஒன்று தொங்குகிறது. விரல் நீளக் கம்பி. அதில் கோத்த மூன்று வெள்ளைப் பீங்கான் மணிகள். மணிகளுக்கு மேலே ஒரு சின்ன வளையம், அந்த வளையத்தில் மாட்டிய வேப்பிலை அளவு எவர்சில்வர் தகடு. கம்பியின் அடியில் மூன்று முள் கொண்ட தூண்டில் கொக்கி. பேரப்பிள்ளைகள் கையில் குத்திக்கொள்ளக் கூடாதென்று முள் நுனிகளை என் மனைவி குறடால் வெட்டிவிட்டாள். ஃபேன் போட்டால் தகடு கம்பியைச் சுற்றி மினுமினுவென்று சுழலும். தண்ணீரில் போட்டு இழுத்தால் அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்படி செய்தவன் நான். கைதவறி நடந்த பிழை அல்ல. நான் படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் வைத்து, யோசித்து, வேண்டுமென்றே செய்தேன். என் மனைவியின் அண்ணனுக்குச் செய்தேன்.

மச்சான் நீலகிரி மலையில் ஓர் அணைக்கட்டு முகாமில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே குளிர்ந்த நீரில் ட்ரவுட் என்றொரு மீன் உண்டு, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. அதைப் புழு கோத்துப் பிடிப்பதை மச்சான் கேவலமாக நினைத்தார். ஸ்பின்னரை வீசி, ரீலைச் சுற்றி இழுக்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் தகடு சுழன்று மின்னும், சின்ன மீன் துடித்து ஓடுவதுபோல இருக்கும். பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். "பசியில கடிக்காது மாப்ள, கடுப்புல கடிக்கும்" என்பார். இதை அவர் எனக்குச் சொன்னது ஒரு முறையோ இரண்டு முறையோ அல்ல. சோறு போட்டால் சொல்வார். சோற்றைப் பிசையும்போது சொல்வார். பால்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

முகாமில் மழைநாளில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது முழங்கை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்களில் உணர்ச்சி இல்லை. மெதுவாகத் திரும்பும், ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். கை தேறியதும் மருத்துவக் குழுவிடம் காட்டிவிட்டு வேலையில் சேரலாம். அதுவரை தங்கை வீட்டில் இருக்கலாமென்று விருத்தாசலத்துக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு ரப்பர் பந்து, ஒரு தூண்டில் ராடும் நரம்பு சுற்றிய ரீலும், பித்தளை உடம்பு வைத்த ஒரே ஒரு ஸ்பின்னர். வந்த அன்றே மொட்டைமாடித் தொட்டியில் அதை இழுத்துப் பார்த்தார். மறுநாள் அது காயப்போட்ட புடவையில் மாட்டிக்கொண்டது. அதற்கடுத்து என் லுங்கியில், அதுவும் நான் கட்டியிருந்தபோது. எங்கள் ஊர்த் தண்ணீர் அவருக்கு உப்பு, வெயில் அநியாயம், சாம்பாரில்கூட ஏதோ குறை. எல்லாவற்றுக்கும் "அங்கல்லாம்..." என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும்.

நான் அப்போது பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. வாரமெல்லாம் சூளை வெக்கையில் நிற்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அவரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. ஆகவே ஞாயிறு விடிந்ததும் என் ஸ்கூட்டர் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு கட்டில் பக்கம் வந்து நிற்பார்.

"மாப்ள, எந்திரிங்க. மீனு காத்துக்கினு இருக்குது."

"அந்த மீனுக்கு வேற வேலையே இல்லியா மச்சான்?"

"இல்ல. உங்களுக்கு இருக்குதா?"

ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில், களிமண் எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பள்ளம். மழைநீர் தேங்கி, ஒரு சாணுக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி களிமண் கலங்கிக் கிடக்கும். அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அவர் வீசி வீசி இழுப்பார். நான் கரையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவேன். ஆடு மேய்க்கும் ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து, "ஏன் சாரு, மீனுக்கு ஜிமிக்கி போட்டுப் பாக்கறாரா உங்க மச்சான்? எந்தப் பொண்ணு மீனாச்சும் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். மச்சானோ, "கம்மலும் செஞ்சி தரேம்மா, ஆட்டுக்குப் போடு" என்பார்.

போகும்போதும் வரும்போதும் நான் அவருக்கு விளக்கினேன். ட்ரவுட் குளிர்நீர் மீன், கண்ணால் பார்த்துத் துரத்துவது. நம் ஊர் விரால் சேற்றில் கிடப்பது, தவளை தின்பது. அதற்கு இது ஒத்துவராது. படித்தவன் பேசுகிற தோரணையில்தான் பேசினேன். அடுத்த ஞாயிறே அவர் முழங்கை நீள விரால் ஒன்றைப் பிடித்தார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. ராத்திரி குழம்பு ஊற்றும்போது, "சயின்ஸ் படிச்சவருக்குத் தலையப் போடும்மா" என்று தங்கையிடம் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விராலைப் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவர் வேறொன்றும் சொன்னார். ஸ்பின்னர் சரியாகச் சுழன்றால் ராடின் பிடியில் ஓர் அதிர்வு இருக்குமாம். வந்த புதிதில் அது கைக்குத் தெரியவே இல்லையாம். இப்போது, "லேசாத் தெரியுது மாப்ள. எறும்பு ஊர்ற மாதிரி" என்றார். அவர் அங்கே வருவது மீனுக்காக மட்டுமல்ல. ராடின் பிடியில்தான் தன் கையை வாராவாரம் சோதித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவர் பேசும்போது ஊம் கொட்டுவதற்கு மட்டும் காதைப் பழக்கி வைத்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, எங்கள் மேலதிகாரி வீட்டுப் புதுமனை புகுவிழா. நான் வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பியிருந்தேன். "போற வழிதான, பத்து வீச்சு போட்டுட்டுப் போலாம்" என்றார். போகும் வழி அல்ல, நேர் எதிர்த் திசை. மூன்றாவது வீச்சிலேயே ஸ்பின்னர் நடுப்பள்ளத்தில் ஏதோ வேரில் மாட்டிக்கொண்டது. அவர் அடிபட்ட கையோடு இறங்கப் போனார். நான் இறங்கினேன். வழுக்கி, மார்பளவு களிமண் தண்ணீரில் நின்று, தங்கூசி நரம்பைப் பிடித்து இழுக்க, அது அறுந்து, ஸ்பின்னர் போயே போய்விட்டது. விழாவுக்குப் போன கோலத்தைச் சொல்ல வேண்டாம். பந்தியில் என் பக்கத்து இலை கடைசிவரை காலியாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இருந்த ஒரே ஸ்பின்னர் ஒழிந்தது, இனி தூங்கலாம்.

அந்த வாரமே அவர் புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தார். எங்கள் கல்யாணச் சீராக வந்த ஸ்பூன் ஒன்றை வெட்டித் தகடாக்கினார். கடலூர் துறைமுகம் போய்க் கொக்கி வாங்கி வந்தார். கம்பியும் வளையமும் தயார். உடம்புக்குக் கனம் வேண்டும். "உங்க கம்பெனியில ஹீட்டர் கம்பிக்குப் பீங்கான் மணி போடறீங்கல்ல, அதுல மூணே மூணு, கொஞ்சம் பெருசாச் செஞ்சிக் குடுங்க. வூட்டையா எழுதிக் கேக்கறேன்?" என்றார்.

செய்து கொடுத்தேன். சூளையில் சுருங்குவதைக் கணக்கிட்டு, துளையைப் பெரிதாக வைத்து, மூன்று மணிகள். மேல் மணியை மட்டும், சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போதே ஊசி முனையால் குடைந்து, அதன் வாயைப் புனல்போல் அகலமாக்கினேன். தகட்டைத் தாங்குகிற வளையம் அந்த மணியின் மேல்தான் உட்கார்ந்து சுழல வேண்டும். வாய் தட்டையாக இருந்தால் வழுக்கிச் சுழலும். புனலாக இருந்தால், காற்றில் லேசாகத் தொங்கும்போது சுழலும், தண்ணீரில் இழுபடும்போது வளையம் புனலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். எங்கள் கம்பெனியில் யாருக்கும் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு சாமான் செய்து கொடுத்ததில்லை. மெருகு பூசி, அழகுக்கு ஒரு நீலக் கோடும் இழுத்தேன். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் மாட்டாது, சலித்துப்போய் விட்டுவிடுவார் என்பதுதான் என் எண்ணம். கடுப்பில் கடிப்பது மீன் மட்டுமல்ல.

மணிகளைக் கோத்துத் தூக்கிப் பிடித்து, வாயால் ஊதினார். தகடு ஜோராகச் சுழன்றது. "மாப்ள, இத மீனுக்குப் போடறதா, என் கழுத்துல போட்டுக்கறதா?" என்றார். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். "எம் மாப்ள கையப் பாரு. நகை வேல செய்யற கை."

அந்த ஞாயிறு நானே முதலில் எழுந்து சாவியை எடுத்தேன்.

முதல் வீச்சில் பாதி இழுத்துவிட்டு நிறுத்தினார். மறுபடி வீசினார். வேகமாக இழுத்தார். மெதுவாக இழுத்தார். ஸ்பின்னரைக் கையிலெடுத்து ஊதிப் பார்த்தார், சுழன்றது. ராடை இடது கைக்கு மாற்றியிருந்தால், கோளாறு கையில் இல்லை, ஸ்பின்னரில் என்று அப்போதே தெரிந்திருக்கும். மாற்றவில்லை. வலது கையால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "அதிரல மாப்ள" என்றார்.

"என்னா அதிரல?"

"கை. போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுது. இன்னைக்கி ஒண்ணுமே தெரியல. செத்துப் போச்சு."

எறும்பு ஊர்கிற கதை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அந்த மணியைக் காட்டியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. திட்டியிருப்பார், தெருவெல்லாம் சொல்லியிருப்பார், என் தங்கை புருஷன் இப்படிப்பட்டவன் என்று நான் சாகும்வரை சொல்லிக் காட்டியிருப்பார். அந்த அவமானத்தை நினைத்தேன். "டாக்டர்தான் சொன்னாரே மச்சான், ஏறும் எறங்கும்" என்றேன். வழியில் டீ வாங்கிக் கொடுத்தேன். க்ளாஸை இடது கையால் வாங்கிக்கொண்டார். டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாமென்று இருந்தேன். குடித்து முடித்தார்.

அதன்பின் அவர் ராடைத் தொடவில்லை. ரப்பர் பந்து தெருப் பிள்ளைகளிடம் போய்விட்டது. மருத்துவக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தபோது, கை வராது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தாமே சொல்லிவிட்டார். "மலையில கையில்லாதவன வெச்சிக்கினு அவனுங்க என்னா பண்ணுவானுங்க" என்றார். தங்கைக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் எடுத்துக்கொண்டு, எங்கள் பேட்டையிலேயே ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போவேன். இடது கையால் சலாம் வைப்பார், கேலியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எழுப்ப யாருமில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். இதையும் மறைக்கக் கூடாது.

வயதாகி, ரூமில் தனியே இருக்க முடியாமல், சில வருடங்களுக்கு முன் மச்சான் மீண்டும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதே தகரப் பெட்டி. இப்போது சர்க்கரை நோயும் சேர்ந்து அந்தக் கை உண்மையிலேயே மரத்துவிட்டது. தம்ளர் நழுவும். நழுவும்போதெல்லாம், "இது அன்னைக்கே போன கை" என்பார். காலையில் காபிக்கு ஒரு முறை, மாலையில் டீக்கு ஒரு முறை. முன்பு "அங்கல்லாம்" என்பதைத் தாங்க முடியாதவனுக்கு இப்போது இது. போன வருடம் ஒரு நாள், கீழே சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மணியின் வாய், புனல், வளையம், எல்லாவற்றையும்.

முழுக்கக் கேட்டுவிட்டு மச்சான் சிரித்தார்.

"எனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. போங்க மாப்ள."

"சத்தியமா மச்சான். நான்தான் செஞ்சேன்."

"நீங்களா? சூளையில ஒரு கப்பு கீறல் உட்டா ரெண்டு நாளு சாப்புடாத ஆளு. நீங்க போயி வேணும்னு கோணலாச் செய்வீங்களா?" சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒம் புருஷன் சொக்கத் தங்கம். எனக்கோசரம் தம் மேல பழியப் போட்டுக்கறாரு பாரு" என்றார்.

அவர் நம்பவில்லை. சமையலறையிலிருந்தவள் உடனே நம்பினாள். கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். "ஞாயித்துக்கெழம தூங்கறதுக்கா எங்கண்ணன் கைய வாங்குனீங்க?" என்றாள். அதற்கு மேல் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அதை நிரூபிக்கவும் வேண்டியிருந்த எரிச்சலை நான் யாரிடம் சொல்வது? பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சி, தட்டை வாய் வைத்து மூன்று மணிகள் சுட்டு வாங்கினேன். வீட்டிலிருந்த இன்னொரு சீர் ஸ்பூனை வெட்டினேன், மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. பழைய ஸ்பின்னர் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆட்டோ பிடித்து மச்சானை அதே பள்ளத்துக்குக் கூட்டிப் போனேன். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், தண்ணீர் மட்டும் அப்படியே. புது ஸ்பின்னரை நானே வீசி, ராடை அவர் கையில் வைத்து, ரீலைச் சுற்றினேன்.

"தெரியல" என்றார்.

பழையதை வீசினேன். "அதுவும் தெரியல. ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று வெற்றியோடு என்னைப் பார்த்தார். "வுடுங்க மாப்ள. மீனு மாதிரி புடிவாதம் புடிக்காதீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ராடைப் பிடுங்கி, அதன் அடிக்கட்டையை அவர் தாடையெலும்பில், காதுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். "இங்க பாருங்க மச்சான். கைய வுடுங்க. எலும்பால கேளுங்க" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் சண்டை என்று நினைத்து இறங்கி வந்துவிட்டார். புது ஸ்பின்னரை வீசி இழுத்தேன். மச்சானின் கண் அகன்றது. வாய் லேசாகத் திறந்தது. ஸ்பின்னர் கரைக்கு வந்து சேரும்வரை மூச்சு விடாமல் நின்றார். பிறகு பழையது. ஒன்றுமில்லை. மறுபடி புதியது கேட்டார். மறுபடி பழையது. ஒவ்வொரு தடவையும் ராடை அவரே தாடையில் அழுத்திக்கொண்டார். கடைசியில் பழைய ஸ்பின்னரைக் கையிலெடுத்து, நகத்தால் மேல் மணியின் வாயைத் தடவிப் பார்த்தார், இடது கை நகத்தால்.

"அப்ப, அன்னைக்கி எங் கை நல்லா இருந்துச்சா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். என் பாரத்தை இறக்குவதிலேயே குறியாக இருந்தவன் எதிர்பார்க்கவில்லை. "தெரியல மச்சான்" என்றேன். அதுதான் உண்மை. தேறியிருக்கலாம், தேறாமலும் போயிருக்கலாம். அதை அறிய அவரிடம் இருந்த ஒரே வழியை அடைத்தவன் நான். இத்தனை வருடம், தன் கைதான் தன்னைக் கைவிட்டது என்று ஒரு மாதிரி சமாதானமாக இருந்தவரிடம், அதையும் அன்று பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் அறைக்குள் வந்தால் எழுந்து போவார். அவர் முணுமுணுத்தபோது எவ்வளவு எரிச்சல்பட்டேனோ, அதைவிட இந்த மௌனம் அறுத்தது. மன்னிப்புக் கேட்டேன். காது கேளாதவர்போல் இருந்தார். பிறகு ஒரு காலை, ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து நின்றார். என்னிடம் ஆணியை நீட்டினார்.

"அடிங்க. ஃபேன் காத்து படற எடமா."

அடித்தேன். பழைய ஸ்பின்னரை அவரே மாட்டினார். "யாரு வந்து இது என்னான்னு கேட்டாலும் நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன்" என்றார். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, ஆட்டோக்காரருக்குத் தாமே போன் செய்து வரச் சொல்லிவிட்டு, கைத்தடியால் என் கட்டிலைத் தட்டினார். "எந்திரிங்க மாப்ள. மீனு காத்துக்கினு இருக்குது." இப்போது வாராவாரம் போகிறோம். நான் வீசி இழுக்க வேண்டும், அவர் ராடைத் தாடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வேகம் போதாது என்று திட்டுவார். ஒரு விராலும் மாட்டவில்லை. மனை பார்க்க வருபவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இடுப்பு வலி எனக்கு.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேபிள்காரர் கேட்டார். பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், அன்றும் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு சின்னத் தவறு" என்று ஆரம்பித்தேன். மூலையிலிருந்து, "சின்னதா?" என்று குரல் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நின்றார். தகடு சுழன்று மின்னியது. "சூப்பரா சுத்துது சாரு, என்னா இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் நாற்காலியை முன்னே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"காத்துலதான் சுத்தும்பா. தண்ணியில சுத்தாது. ஏன்னு எம் மாப்ள சொல்லுவாரு, உக்காரு."